வெள்ளைக்கண்ணு வகையறா

"என்னத்தா இது, ஈக்குக் களியா கிண்டுற?"

மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் மக்காச்சோள மாவும் வெல்லமும் கொதித்துக்கொண்டிருந்தன. சித்ராதேவி கரண்டியை நிறுத்தவில்லை.

"ஆமா. ஆறுனா கட்டியாயிரும். அது மேல உக்காந்து தின்னும், முட்டை வைக்கும்."

"உங்கப்பன் களி கேட்டு எம்புட்டு நாளாச்சு. அந்த மனுசனுக்கு வாய்க்கல, ஈக்கு வாச்சிருக்கு."

அப்பன் குருசாமி அந்த நேரம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நிட்டிங் மெஷினில் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூக்கம். அம்மா ஒச்சாயிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. மடித்து வரும் பனியனின் மார்பில் அளவு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எஸ், எம், எல், எக்ஸெல் என்று நாள் முழுக்க ஒட்டுவாள். கோணலாக ஒட்டினால் உரித்துத் திரும்ப ஒட்டுவாள். உரித்த தடம் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஒரே மகள். எம்.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருடம். பரீட்சையோடு கூட ஒரு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஈ.

சாக்கடை ஈ இல்லை. வாழைப்பழத்தில் மொய்க்குமே, கொசுவைவிடவும் சின்னதாய், அந்தப் பழ ஈ. சாதாரணமாக அதற்குக் கண் சிவப்பு. சிலதுக்கு வெள்ளை. அந்த வெள்ளை தாயிடமிருந்து யாருக்குப் போகிறது, தகப்பனிடமிருந்து யாருக்குப் போகிறது என்று ஈயை வளர்த்து, எண்ணிப் பார்த்து எழுத வேண்டும்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது அவளுடைய பேராசிரியர் மகுடேஸ்வரன்தான்.

"இந்த ஈ விடியால பொறக்குது கண்ணு. நம்ம காலேஜ் கேட்டு காலைல மெதுவாத்தான் தொறக்கறாங்க. ஈக்குத் தெரியுமா அது? பொறந்து கொஞ்ச நேரத்துலயே ஆணையும் பொண்ணையும் பிரிச்சுப் போடலீன்னா அதுகளா சேர்ந்துக்கும். அப்பறம் எதுக்கு எது பொறந்ததுன்னு ஆரு சொல்றது? ஊட்டுல வெச்சுப் பாத்துக்குவியா?"

"பாத்துக்குவேன் சார்."

"இன்னொண்ணு. போன வருஷம் ஒருத்தன் ஈயே வளக்கல. புஸ்தகத்துல இருந்த கணக்கை அப்படியே எழுதிக் கொண்டாந்துட்டான். வெளியூர்லிருந்து வந்த தேர்வாளர், ஒரே ஒரு ஈயக் காட்டு தம்பின்னு கேட்டுப்போட்டாரு. அவன் ஜன்னலைப் பாக்கறான். போனது என்ற மானம். அதனால பண்ணுனதை எழுது. பண்ணாததை எழுதுனீன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆரு வந்து கேட்டாலும் சரி."

கையெழுத்து இல்லையென்றால் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லையென்றால் அந்த வருடம் இல்லை. வேறொரு பிள்ளைக்கு அது ஒரு வருடத்தோடு போகும். சித்ராதேவிக்கு அப்படி இல்லை. ஒச்சாயியின் அண்ணன் காசிமாயன் தன் மகன் அருண்பாண்டிக்கு அவளைக் கேட்டு ரொம்ப நாளாகிறது. முறைப்பெண். பேச்சு முடிந்த மாதிரிதான். அவள் அழுதும் பார்த்து, சாப்பிடாமல் கிடந்தும் பார்த்து, கடைசியில் மாமனிடம் ஒரு வார்த்தை வாங்கியிருந்தாள். பாஸாகி, எம்.பில். படிக்க இடமும் கிடைத்தால் ஒரு வருடம் பொறுப்பார்கள். இல்லையென்றால் வருகிற வைகாசியில் கல்யாணம்.

அருண்பாண்டி மேல் அவளுக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. நல்ல மாதிரிதான். அவளுக்கு வேண்டியது எம்.பில்.

*

முதல் வளர்ப்புக்கு இரண்டு பெரிய சீசா. ஒன்றில் வெள்ளைக்கண் பெண்ணும் சிவப்புக்கண் ஆணும். மற்றதில் சிவப்புக்கண் பெண்ணும் வெள்ளைக்கண் ஆணும். அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த மிச்ச ஸ்டிக்கரில், முதல் சீசாவுக்கு எஸ் ஒட்டினாள், அடுத்ததற்கு எல் ஒட்டினாள்.

"ஸ்மாலு, லார்ஜா? ரெண்டும் ஒரே சைஸாத்தேன் தெரியுது" என்றாள் ஒச்சாயி.

"சும்மா பேருக்கும்மா."

பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டு சீசாவிலும் பிள்ளை ஈக்கள் பிறந்தன. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒச்சாயிக்கு வேலையில்லை. மகள் ஈதர் நனைத்த பஞ்சைக் காட்டி ஈக்களை மயக்கி, வெள்ளைத் தாளில் கொட்டி, அப்பா மில்லில் துணியின் இழை எண்ணுகிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"அடியாத்தி! கண்ணு நெசமாவே வெள்ளையாத்தேன் இருக்கு. இது ஆம்பளையா?"

"ஆம்பளை. பின்பக்கம் கறுப்பா, மொட்டையா இருக்குல்ல. பொம்பளைக்குக் கூரா இருக்கும்."

"இதுக யாரு பிள்ளைக?"

இந்த இடத்தில்தான் சித்ராதேவி ஒரு தப்புச் செய்தாள். குரோமோசோம் என்று சொல்லியிருந்தால் ஒச்சாயி எழுந்து போய் அரிசி களைந்திருப்பாள். மகள் அம்மாவுக்குப் புரியட்டும் என்று உறவு வைத்துச் சொன்னாள்.

"இங்க பாரும்மா. வெள்ளைக்கண்ணு வீட்டுல ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. செவப்புக்கண்ணு வீட்டுலயும் அப்படித்தேன். வெள்ளைக்கண்ணுத் தங்கச்சியச் செவப்புக்கண்ணுக்குக் குடுத்திருக்கு. அது எஸ் சீசா. செவப்புக்கண்ணுத் தங்கச்சிய இந்த வெள்ளைக்கண்ணு அண்ணனுக்குக் கட்டியிருக்கு. அது எல்."

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்காய்ங்க!"

"அதேதேன்."

ஒச்சாயி சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஒரு கவனம் வந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தைப் பற்றிக் கேட்கிற கவனம்.

"அப்ப வெள்ளைக்கண்ணு ஒரு வகையறா, செவப்புக்கண்ணு ஒரு வகையறா. சரி. பிள்ளைக எப்படி?"

"எஸ் சீசாவுல பொறந்த பொண்ணெல்லாம் செவப்புக்கண்ணு, பையனெல்லாம் வெள்ளை. எல் சீசாவுல எல்லாமே செவப்பு."

"பையன் ஆத்தாளக் கொண்டு, பொண்ணு அப்பனக் கொண்டு. நம்ம வீட்டுலயும் உனக்கு உங்கப்பன் மூக்குத்தேன். சரி, இதுகளுக்கு எப்பக் கல்யாணம்?"

"இன்னைக்கு. சாயங்காலம் வந்து சேத்து விடணும். இப்பவே தனித்தனியாப் பிரிச்சு வச்சிட்டேன்."

நாலு சின்ன சீசா சன்னல் ஓரம் வரிசையாக நின்றன. எஸ் இரண்டு, எல் இரண்டு. ஆண் இருந்த சீசாக்களின் பஞ்சில் பேனா மையால் புள்ளி. பெண்ணுக்குப் புள்ளி இல்லை.

"எந்தப் பொண்ண எந்தப் பையனுக்கு?"

"எஸ் பொண்ண எஸ் பையனுக்கு. எல் பொண்ண எல் பையனுக்கு."

ஒச்சாயி மகளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏண்டி, ஒரே வயித்துப் பிள்ளைகளயா?"

"ஈக்கு என்னம்மா வயிறு."

"ஒரே ஆத்தா வயித்துல பொறந்த அண்ணனையும் தங்கச்சியையும் ஒரே சீசாவுல போட்டு மூடப்போறியா?"

"அப்படித்தேன் செய்யணும். உலகம் பூரா அப்படித்தேன் செய்யிறாய்ங்க."

"உலகத்துல செய்யட்டும். கல்யாணம் பேசியிருக்க வீடுடி இது."

சித்ராதேவி சிரித்தாள். நேரமாகிவிட்டது. கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புத்தகம் தோழியிடம் வாங்க வேண்டியிருந்தது. சன்னலைச் சாத்தாதே, வெயில் படாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனாள்.

*

வீட்டுக்காரி பூவாத்தாள் குழாயடியில் பாத்திரம் கழுவியபடி கேட்டாள்.

"ஏனுங் ஒச்சாயி, உங்கூட்டு ஈ எங்கூட்டுச் சமையக்கட்டுக்கு வந்துருச்சுங்க. ஒரு பழத்த வெக்க முடியறதில்ல. ஈயக் காலேசுல கொண்டுபோயி வளக்கச் சொல்லுங்க."

"அதுக வெளிய வராதும்மா. பஞ்சு போட்டு அடைச்சிருக்கு. உங்க வீட்டுல இருக்குறது ஊரு ஈ. இது படிப்பு ஈ."

"படிப்பு ஈயா!" பூவாத்தாள் சிரித்துவிட்டாள். "அது என்ன படிக்குதுங்க?"

ஒச்சாயிக்கு யாரிடமாவது சொன்னால் தேவலை போல இருந்தது. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தது, பிள்ளைகள் பிறந்தது, சாயங்காலம் நடக்கப்போவது எல்லாவற்றையும் சொன்னாள். பூவாத்தாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அதெப்படீங்க? எங்கள்ல ஒரே கூட்டத்துக்குள்ளயே கட்ட மாட்டாங்க. ஊரு வேறயா இருந்தாலும் சரி, மொகமே தெரியாட்டியும் சரி, ஒரே கூட்டம்னா அண்ணன் தங்கச்சி மொறதான். இதென்னமோ கூடப்பொறந்ததையே கட்டுதுன்னு சொல்றீங்க!"

"அதத்தேன் நானும் கேட்டேன். உலகம் பூரா அப்படித்தேங்குறா."

"அக்கட்டச் சீசாவுல மொறைப் பையன் இருக்கறானில்லீங்க?"

"இருக்கான். அத்தை மகனும் அவன்தேன், மாமன் மகனும் அவன்தேன். ரெட்டை முறை."

"அவ்வளவு நல்ல மொற ஊட்டுக்குள்ளயே இருக்கும்போது?" என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அதோடு சரி.

ஒச்சாயிக்கு அதோடு சரியாகவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். சன்னல் ஓரம் போனாள். புள்ளி இல்லாத இரண்டு சீசாவையும் கையில் எடுத்தாள். எஸ் ஸ்டிக்கரை நகத்தால் ஓரம் கிளப்பி உரித்தாள். எல் ஸ்டிக்கரை உரித்தாள். மாற்றி ஒட்டினாள். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள். கம்பெனியில் சூப்பர்வைசர் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

சாயங்காலம் மகள் வந்து, ஸ்டிக்கரைப் பார்த்து எஸ்ஸோடு எஸ்ஸையும் எல்லோடு எல்லையும் சேர்த்துவிட்டாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சதா?" என்று கேட்டாள் ஒச்சாயி.

"முடிஞ்சதும்மா."

"நல்லா இருக்கட்டும்."

*

பேரப்பிள்ளைகள் பிறந்தன. சித்ராதேவி மயக்கி, எண்ணி, ஸ்பிரிட்டில் போட்டாள். எண்ணியவற்றைத் திரும்ப சீசாவில் விட்டால் கணக்குக் குழம்பும். பேரப்பிள்ளைகள் ஸ்பிரிட்டில் செத்தது ஒச்சாயிக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை.

எஸ் சீசாவில் ஆணிலும் பாதிக்கு வெள்ளைக்கண், பெண்ணிலும் பாதிக்கு வெள்ளைக்கண். எல் சீசாவில் பெண்ணெல்லாம் சிவப்பு, ஆணில் மட்டும் பாதி வெள்ளை. புத்தகத்தில் எப்படி வரும் என்று போட்டிருந்ததோ அப்படியே வந்திருந்தது. மகுடேஸ்வரன் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனை அழகா எனக்கே வந்ததில்ல கண்ணு. சந்தேகமா இருக்குது. ஈயக் காட்டு."

சித்ராதேவி ஸ்பிரிட் சீசாக்களை மேசை மேல் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிலதை அவரே எண்ணினார்.

"செரி. டைப் அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போடறேன்."

அந்த வாரமே காசிமாயன் வந்தார். செகண்ட்ஸ் பனியன் வியாபாரம். கம்பெனி கழித்த பனியனை மூட்டையாக வாங்கி, ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி ஊர் ஊராக விற்பவர். சரக்கு எடுக்க வரும்போதெல்லாம் தங்கச்சி வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்குக் கோழி அடித்திருந்தது. சித்ராதேவி டைப் அடித்த தாள்களைக் கோணலில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மருமகளே, ஈயெல்லாம் சௌக்கியமா?"

"கணக்கு சரியா வந்திருச்சு மாமா. சார் கையெழுத்துப் போடுறேன்னுட்டார்."

"அப்ப வைகாசி இல்லைங்குற."

"பேசுனபடி ஒரு வருசம் மாமா."

காசிமாயன் கோழிக் காலைக் கடித்தார். ஒச்சாயிக்கு அண்ணன் முகம் வாடியது பொறுக்கவில்லை. சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாள்.

"அண்ணே, உனக்கொண்ணு தெரியுமா? உன் மருமக வளத்த ஈக்கெல்லாம் நான்தேன் முறை பாத்துக் கல்யாணம் பண்ணி வச்சேன்."

"அதென்ன கூத்து?"

"இவ பாட்டுக்கு அண்ணனையும் தங்கச்சியையும் சேக்கப் பாத்தா. நான் ஸ்டிக்கர மாத்தி ஒட்டி, மாமன் மகனுக்கு விட்டுட்டேன். இவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது!"

காசிமாயன் புரையேறச் சிரித்தார். "ஸ்டிக்கர மாத்துறது நம்ம குடும்பத் தொழிலாப் போச்சு!"

சித்ராதேவி தாள்களைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா செஞ்ச?"

"அதேண்டி இப்படிப் பாக்குற?"

"எப்பம்மா செஞ்ச?"

"நீ புத்தகம் வாங்கப் போனேல்ல, அன்னைக்கு."

"எந்த ஸ்டிக்கர?"

"எஸ்ஸ எல்லாக்குனேன். எல்ல எஸ்ஸாக்குனேன்."

"வேணும்னேதான செஞ்ச? நான் பெயிலாவேன், வைகாசியில கல்யாணம் வச்சிரலாம்னுதான?"

"அடிப்பாவி மகளே! பெயிலாகுறதுக்கும் ஈக்கும் என்னடி இருக்கு? பாவம் சேரக் கூடாதுன்னு செஞ்சேன். உனக்குத்தேன் செஞ்சேன்."

காசிமாயன் இலையிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப பரீட்சை போச்சா?" அவர் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

உள்ளே குருசாமி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. சித்ராதேவிக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஒன்று இடித்தது. ஸ்டிக்கர் மாறியிருந்தால் கணக்கும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லையே.

"அம்மா. நாலு சீசா இருந்துச்சு. நாலுலயும் மாத்துனியா?"

"ரெண்டுலதேன்."

"புள்ளி வச்சதுலயா, வைக்காததுலயா?"

"வைக்காதது. பொண்ணுக சீசா."

"ஏன் பொண்ணுகள?"

"இதென்ன கேள்வி? பொண்ணுதானடி வீடு மாறும். ஆம்பளைய எவ வீடு மாத்துவா?"

சித்ராதேவி சுவரில் சாய்ந்தாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். பிறகு அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"எஸ் வீட்டுப் பொண்ணு ஆத்தாகிட்ட வெள்ளை வாங்கியிருக்கா, அப்பன்கிட்டச் செவப்பு வாங்கியிருக்கா. எல் வீட்டுப் பொண்ணு ஆத்தாகிட்டச் செவப்பு, அப்பன்கிட்ட வெள்ளை. ரெண்டு பேருகிட்டயும் ரெண்டும் இருக்கு. வெளிய தெரியிறது செவப்பு மட்டுந்தேன். எவ எந்த வீட்டுக்குப் போனாலும் ஒண்ணுதேன். பையனுகதேன் வேற வேற. ஆம்பளைக்குக் கண்ணு ஆத்தாகிட்ட இருந்து மட்டுந்தேன் வருது."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார் காசிமாயன்.

"ஒண்ணும் ஆகல மாமா. கணக்கு சரிதேன்."

"நாந்தேன் சொன்னேன்ல, பாவத்துக்குப் பயந்து செஞ்சேன்னு" என்றாள் ஒச்சாயி.

"நீ பேசாத. ஆம்பளைய மாத்தியிருந்தா மாட்டியிருப்பேன்."

காசிமாயன் கை கழுவப் போனார். துண்டில் துடைத்துக்கொண்டே, "கணக்கு சரின்னா வாத்தியாருகிட்ட இதெல்லாம் சொல்லாத. யாருக்குத் தெரியப்போகுது" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

சித்ராதேவி டைப் அடித்த தாளை எடுத்தாள். ஒரு பக்கத்தில் இருந்தது: ஒரே இணையின் ஆண் சந்ததியும் பெண் சந்ததியும் ஒன்றாக விடப்பட்டன. அந்த வரியை அவள்தான் எழுதியிருந்தாள்.

*

மகுடேஸ்வரன் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்கம்மா மாத்துனாங்கன்னு ஆரு சொன்னது?"

"அம்மாதான் சார்."

"ஈ சொல்லுச்சா?"

"இல்ல சார். ஈயப் பாத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பொண்ணுக ரெண்டும் ஒண்ணு."

"கண்டுபிடிக்கவே முடியாதுன்னு தெரிஞ்சும் எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றே?"

"பண்ணுனதை எழுதுன்னு சொன்னீங்க. நான் பண்ணுனது இதுதான் சார். அந்த வரி பொய்யாயிருச்சு."

அவர் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு. திரும்பப் பண்ணறதுக்கு நாள் இல்ல. நடந்ததை அப்படியே எழுதிக் குடுத்தீன்னா, வர்ற தேர்வாளர் என்ன கேப்பாரு? சீசாவ ஊட்டுல பத்திரமா வெக்கத் தெரியலையாம்மான்னு கேப்பாரு. மார்க்கு கொறையும். எம்.பில். எடத்துக்கு மார்க்கத்தான் பாக்கறாங்க."

"எழுதலேன்னா சார்?"

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பேன். சொல்லீட்டியே. இனி நான் எப்படிப் போடறது?"

அவருக்கு அவள் மேல் கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

"எழுதீட்டு வரேன் சார்."

"எழுது. உங்கம்மா எதுக்கு மாத்துனாங்கன்னும் எழுது."

"ஒரே வயித்துப் பிள்ளைகளச் சேக்கக் கூடாதுன்னா சார்?"

"அது வேண்டாம். பெண் சந்ததியை மட்டும் மாத்துனாங்கன்னு எழுது. அதனால கணக்கு ஏன் மாறலைன்னு எழுது. அது போதும்." பிறகு, "பொண்ண மட்டும் எதுக்கு மாத்துனாங்களாம்?" என்று கேட்டார்.

"பொண்ணுதான் வீடு மாறும்னாங்க."

மகுடேஸ்வரன் சிரிக்கவில்லை. "அதுஞ் செரிதான்" என்றார்.

அவள் புதிதாக டைப் அடித்துக் கொண்டுபோனாள். அவர் கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் நல்ல வெள்ளை வேட்டிக்காரர். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இது என்னம்மா, ஆய்வா, உங்கள் வீட்டுக் கதையா?" என்று கேட்டார். அவள் பெண் ஈக்கள் இரண்டும் ஏன் ஒன்று என்று பலகையில் போட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டினார். மார்க்கைக் குறைத்துத்தான் போட்டார்.

பாஸ். ஆனால் முழுநேர எம்.பில். வரிசையில் அவள் பேர் வரவில்லை. பகுதிநேரத்தில் ஓர் இடம் கொடுத்தார்கள். முழுநேரத்துக்கு ஒரு வருடம்; பகுதிநேரத்துக்கு இரண்டு.

சேதி சொல்ல அம்மாவும் மகளும் முக்கிலிருந்த பெட்டிக்கடைக்குப் போனார்கள். காசு போட்டுப் பேசுகிற சிவப்புப் போன். கடைக்காரர் வாடகை சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒச்சாயி கத்தித்தான் பேசுவாள். ஊர் தூரத்தில் இருப்பதால்.

"அண்ணே! பாஸாயிட்டா! எடமும் கெடச்சிருச்சு!... ஆமாண்ணே... கோச்சுக்காத... மதினிகிட்டச் சொல்லு... என்ன? ஒரு வருசமா?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"ஒரு வருசம்தானான்னு கேக்குறாக. நீ ரெண்டுங்குற. என்னடி சொல்ல?"

சித்ராதேவி போனை வாங்கினாள்.

"மாமா, நான்தேன். ஆமா மாமா. ஒரு வருசந்தேன். மச்சான் நல்லா இருக்காகளா? சரி மாமா. அத்தையக் கேட்டேன்னு சொல்லுங்க."

வைத்துவிட்டாள். இருவரும் ரோட்டைக் கடந்தார்கள். சாய ஆலைப் பஸ் ஒன்று போனதும் ஒச்சாயி கேட்டாள்.

"ரெண்டு வருசம்னு உன் சாருதான சொன்னாரு?"

"ரெண்டுதேன்."

"பெறகு?"

"அடுத்த வைகாசி வரட்டும். அப்ப இன்னொரு வருசம் கேப்போம்."

"ஏண்டி, ஸ்டிக்கர் ஒட்டுன கதைய உன் வாத்தியாருகிட்டப் போயி ஒண்ணுவிடாம ஒப்பிச்ச. மார்க்கு போச்சுன்னாலும் பரவாயில்லன்ன. எங்கண்ணன்கிட்ட மட்டும் இப்படியா?"

"அது ஈயைப் பத்திம்மா."

ஒச்சாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஷிப்ட் தொடங்க நேரமாகியிருந்தது.

"ஈக்கு இருக்குற மருவாதி எங்கண்ணனுக்கு இல்ல" என்றாள். "நீ கேளு அடுத்த வருசம். நான் கேக்க மாட்டேன்."

"நானே கேக்குறேன்" என்றாள் சித்ராதேவி.